கம்பியின் தளர்வு

சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் தேய்ந்துபோனால், "காலை வச்சுக்கிட்டே ஓட்டியிருப்பான்" என்று டிரைவரைச் சொல்வார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தப் பெடலே கிடையாது. ஆனாலும் பழி மட்டும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஷார்ஜாவில் என்னோடு ஒரே அறையில் இருந்த ராமநாதபுரத்துக்காரன், ஒரு சின்ன கம்பெனியில் வேன் ஓட்டினான். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இன்ஜின் அலறும், வண்டி நகராது. ஓரிரு நொடி கழித்துத்தான் பிடிக்கும். சரக்கு ஏற்றி மேம்பாலம் ஏறினால் இன்னும் மோசம். கம்பெனி வழக்கமாகப் போகும் கராஜில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு, மாத்தணும், 4,000 திர்ஹம்" என்றார்கள். கண்டபடி ஓட்டிக் கெடுத்தவன் டிரைவர்தான் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். மாதம் 500 வீதம் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார். அவன் சம்பளமே 1,800.

"த்ராட்டிலைக் கழட்டிக் கிளீன் பண்ணாங்கண்ணே, அதுக்கப்புறந்தான் இப்படி" என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெருமளவில் தயாரித்து விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எப்போது கியர் மாற்றவேண்டும் என்று அது எண்ணெயின் அழுத்தத்தை வைத்தே முடிவெடுத்தது. வண்டியின் வேகம் கூடக்கூட ஒரு பக்கத்து அழுத்தம் ஏறும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எதிர்ப்பக்கத்து அழுத்தம் ஏறும். இரண்டுக்கும் நடக்கும் தள்ளுமுள்ளில் வேகம் ஜெயிக்கும் இடத்தில் கியர் மாறும். எங்கள் வேனும் அந்தப் பரம்பரைதான். பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்ற செய்தியை அதில் த்ராட்டிலிலிருந்து கியர்பெட்டிக்குள் கொண்டுபோவது ஒரு மெல்லிய கம்பி. அது தளர்ந்தால் கியர்பெட்டிக்குச் செய்தி குறைவாகவே போகும். நாம் முழுதாக மிதித்தாலும் பாதி மிதித்ததாகத்தான் அது நினைத்துக்கொள்ளும். அதற்கேற்ப அழுத்தத்தைக் குறைவாகவே கொடுக்கும். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும்.

இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் தனியாகக் கடை வைத்திருந்த நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவரிடம் ஒரு வெள்ளிக்கிழமை வேனைக் கொண்டுபோனோம். நான் கூடப் போனது, போனில் இருந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்ல.

அண்ணாச்சி முதலில் கேட்டது, "எப்பத்துலேருந்து?" அடுத்தது, "அதுக்கு முந்தி யாரு கைய வச்சா?" எங்கள் இரண்டு பேரையும் தவிர அதுவரை இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இன்ஜினைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, 'பி'-யில் வைத்து, ஓடவிட்டபடியே எண்ணெய்க் குச்சியை உருவினார். அளவு சரியாக இருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்து மோந்து பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. லேசான தீய்ந்த வாடை. "தகடு கருக ஆரம்பிச்சிருக்கு. ஆனா துணியில தூளு ஒண்ணும் வரல. பொட்டியப் பிரிக்காண்டாம், மொதல்ல வெளிய பாப்போம்" என்றார்.

கியர்பெட்டியில் அதற்கென்று இருக்கும் துளையில் பிரஷர் கேஜை மாட்டினார். கையேட்டில் போட்டிருந்த கீழ் வரம்பை நான் படித்துச் சொன்னேன். முள் அதற்கும் கீழே நின்றது. அப்புறம்தான் கம்பிக்கு வந்தார். அவனை உள்ளே உட்காரவைத்துப் பெடலை முழுதாக மிதிக்கச் சொன்னார். கம்பியில் நசுக்கிப் பொருத்திய ஒரு சின்ன மணி உண்டு. பெடலை முழுதாக மிதித்த நிலையில், ரப்பர் உறையின் முனையிலிருந்து அது 0 முதல் 1 மில்லிமீட்டருக்குள் வெளியே தெரியவேண்டும் என்றது கையேடு. மணி தெரியவே இல்லை. உறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

"இங்க பாருங்க" என்று டார்ச் அடித்தார். கம்பியை நிறுத்திப் பிடிக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்று கையால் திருகினாலே சுற்றியது. மரையில் பழைய அழுக்கு ஒரு இடம் வரைக்கும் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு விரற்கடை தூரம் பளபளவென்று இருந்தது. நட்டு முன்பு எங்கே இருந்தது, பிறகு எங்கே நகர்ந்தது என்பதை அந்தப் பளபளப்பு சொன்னது. நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். த்ராட்டில் கிளீன் செய்த கராஜ் ரசீது வேனின் டாஷ்போர்டிலேயே கிடந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

மணி உறையின் வாயில் எட்டிப் பார்க்கும்வரை கம்பியை இழுத்து வைத்து, இரண்டு நட்டையும் முறுக்கினார். கேஜின் முள் வரம்புக்குள் ஏறியது. எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினார். ஓட்டிப் பார்த்தோம். இரண்டிலிருந்து மூன்று மாறியதே தெரியவில்லை. எண்ணெயோடு சேர்த்து 170 திர்ஹம் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது: "இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே ஓட்டியிருந்தா பொட்டி நெசமாவே போயிருக்கும். அப்ப அவங்க சொன்னதுதான் சரின்னு ஆயிருக்கும்."

தவறான தீர்ப்பில் எனக்குப் பயமாக இருப்பது இதுதான். யாரும் அதைச் சோதிக்காமல் விட்டால், நாளாக ஆக அது தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்கிறது. தகடுகள் கருகியபின் பெட்டியைத் திறந்திருந்தால், கருகிய தகடுகள் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். தளர்ந்த நட்டை யார் தேடப்போகிறார்கள்? அவன் எட்டு மாதம் பணம் கட்டியிருப்பான். போதாததற்கு, புதுப் பெட்டியும் அதே தளர்ந்த கம்பியில்தான் ஓடியிருக்கும்.

போட்டோவையும் ரசீதையும் முதலாளியிடம் காட்டினோம். கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, இப்ப ஓடுதுல்ல?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளம் முழுதாக வந்தது. அவனுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. மூன்று வாரமாக அவன் சொன்னதைத்தான் அந்த நட்டும் சொன்னது. நட்டை மட்டும் நம்பினார்கள்.

இப்போதெல்லாம் அவன் காலையில் பானெட்டைத் திறந்து, நட்டு இரண்டையும் விரலால் தொட்டு அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.