பேட்டரிக்குத் தனிக்குடித்தனம்

மணியாச்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தூத்துக்குடிக்கு வண்டி மாறும் ஜங்ஷன். கரிசல் காடு. வெயில். அப்புறம், மறுபடியும் வெயில். இந்த ஊர்க்காரன் படகைப் பற்றி எழுத வந்தால், 'எங்கேப்பா விடுவே, கண்மாயிலயா?' என்றுதான் கேட்பீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஊருக்கும் கப்பலுக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். அதை ஒடுக்கியவர் என்று ஜனங்களின் கோபத்தைச் சம்பாதித்த ஆஷ் துரையை, 1911 ஜூன் 17-ம் தேதி வாஞ்சிநாதன் சுட்டது எங்கள் ஸ்டேஷனில் நின்ற ரயில் பெட்டியில்தான். இன்றைக்கும் ஸ்டேஷன் பெயர் 'வாஞ்சி மணியாச்சி'. ஆகவே, நான் படகைப் பற்றிப் பேசலாம்.

நான் படித்தது ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன். பார்ப்பது தூத்துக்குடியில் குமாஸ்தா வேலை. (நம் நாட்டில் இதெல்லாம் சகஜம்!) ஆபீஸ் சிநேகிதன் ஒருவனுடைய அண்ணன் திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருக்கிறார். டீசல் இஞ்சினும் உண்டு, பாயும் உண்டு. ஒரு திங்கட்கிழமை சிநேகிதன் முகம் செத்துப்போய் வந்தான்.

"ராத்திரி நடுக்கடல்ல இஞ்சின் செல்ஃப் எடுக்கலயாம்டா. லைட்டும் அவுட்டு, வயர்லெஸ்ஸும் அவுட்டு. பாயைக் கட்டி விடிய விடியத் தட்டுத் தடுமாறி கரைக்கு வந்திருக்காங்க. அண்ணன் பையனும் கூடப் போயிருந்தான். பதினெட்டு வயசு..."

பக்கத்து சீட்காரர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "பாய்தான் இருக்கே, பேட்டரி எதுக்குய்யா?"

நல்ல கேள்வி. பாய் படகைத்தான் தள்ளும், விளக்கு எரிக்காது. நம் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகு இருக்கிறதே... 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ம் தேதி அங்கேயே வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பெண் அதிகாரிகள். தில்னா, ரூபா. ரூபா புதுச்சேரிக்காரர்! அப்படிப்பட்ட பயணத்தில்கூட ஜி.பி.எஸ்., வயர்லெஸ், ராத்திரி விளக்கு எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். கடலில் இ.பி. கம்பம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரம் போனேன். வள்ளத்தில் இரண்டு பேட்டரி. ஒன்று இஞ்சினுக்கு, மற்றது விளக்கு வகையறாவுக்கு. மேலே 100 வாட் சோலார் பேனல் ஒன்று. மாட்டிக்கொடுத்த புண்ணியவான், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து முறுக்கிவிட்டுப் போயிருந்தார். சார்ஜ் ஏறும்போது ஒரு குறையும் தெரியாது. இறங்கும்போதுதான் வினை!

இது கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒரு தம்பி சிக்கனம், ஒரு தம்பி ஊதாரி, பணப்பெட்டி ஒன்று. விடிவதற்குள் பெட்டி காலி. விளக்கு எரிந்த பாவத்துக்கு இஞ்சின் பேட்டரியும் சேர்ந்து செத்தது. அதிலும் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு படுத்துவிடும்.

"டயோடு போட்டாப் போதும்னு ஒருத்தர் சொன்னாரே தம்பி?" என்றார் அண்ணன்.

டயோடு, மச்சானுக்குக் கொடுத்த கைமாற்று மாதிரி. போகும், திரும்பாது. ஆளுக்கொரு டயோடு போட்டால் ஒரு பேட்டரி மற்றதை உறிஞ்ச முடியாது. ஆனால் சாதா டயோடு 0.6, 0.7 வோல்ட் கமிஷன் அடிக்கும். சார்ஜ் கன்ட்ரோலர் 14.4 வோல்ட் அனுப்பி 'சோறு போட்டாச்சு' என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.7-தான். தினமும் அரை வயிறு. சீக்கிரமே ஆயுசு முடிந்துவிடும்.

அதனால் ரிலே போட்டோம். வோல்ட்டேஜ் பார்த்து வேலை செய்கிற ரிலே. வெயிலின் முதல் மரியாதை இஞ்சின் பேட்டரிக்கு. அது 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே 'டக்' என்று விளக்கு பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளும். சாயங்காலம் 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். அப்புறம் ராத்திரி முழுக்க அவரவர் சமையல் அவரவருக்கு!

அடுத்தது நிழல். பேனலில் 36 செல், ஒவ்வொன்றும் அரை வோல்ட், வரிசையாகக் கோத்தது. லாரித் தண்ணீருக்குக் கைமாற்றிக் கைமாற்றிக் குடம் கொடுப்போமே, அப்படி. நடுவில் ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் வரிசையே நின்றுவிடும். பாயின் நிழல் ஓரமாக விழுந்தாலே பாதி வருமானம் போச்சு. கணக்குப்படி 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஐந்தரை ஆம்பியர் தரும். 5 மணி நேரத்துக்கு 27 ஆம்பியர்-அவர். இரண்டு பத்து வாட் எல்.ஈ.டி. விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 17 போய்விடும். நிழல் விழுந்தால் துண்டுதான். ஆகவே இன்னொரு பேனல் வாங்கி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பேரலலாகக் கொடுத்தோம். ஒன்று நிழலில் இருந்தாலும் மற்றது சம்பாதிக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனால் நடுக்கடலில் ஃபயர் சர்வீஸ் வராது. வயரும் வெள்ளீயம் பூசினது. வெறும் செம்பை உப்புக் காற்று பச்சையாக்கித் தின்றுவிடும்.

அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "லைட்டு போனா இருட்டு, அவ்வளவுதான் தம்பி. இஞ்சின் போனா உசிரு."

ஒரு மாசம் கழித்து விடிகாலையில் போன் அடித்தது. அண்ணன்தான். "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கே லைட்டெல்லாம் போயிருச்சு!"

எனக்குத் தூக்கம் பறந்தது. "ஏன், என்னாச்சு?"

"பயலுக ஆளுக்கு ஒரு செல்போனச் சொருகி சினிமா பாத்திருக்கானுவ. பேட்டரி காலி."

"அய்யய்யோ! இஞ்சின்?"

"ஒரே அமுக்கு... எடுத்துக்கிடுச்சு. கரையில நின்னுதான் பேசுதேன். உமக்கு ரெண்டு கிலோ சீலா எடுத்து வச்சிருக்கேன், மொத வண்டிய பிடிச்சு வாரும்!"