அரண்மனைக்காரன் தெரு

பாரிமுனைப் பக்கம் அரண்மனையே இல்லாத தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். கல்யாணப் பத்திரிகை அடிக்க அந்தப் பக்கம் எத்தனை முறை அலைந்திருப்பேன்! 'ஆர்மீனியன்' என்பதைத்தான் நம் நாக்கு அப்படித் திருப்பிக்கொண்டதாம். நேற்று காலை மரபு நடையில் கூட்டிப்போனவர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தத் தெருவில்தான் இருக்கிறது, 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். வெயில் ஏறாத கல், சில்லென்று இருந்தது. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது நம் மதராசில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேயேதான் உறங்குகிறார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே சொந்தப் பணத்தில் பாலம் கட்டிய கோஜா பெட்ரூஸ் உஸ்கானும் ஆர்மீனியரே.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிப்போகிறேன்.