சுடுகாட்டு மல்லி

எங்க தெருப் படிப்பகத்துக்கு முன்னால பூந்தோட்டம் போடணும்னு பிள்ளைகள் கிளம்பியபோது நான் ஒரு நிபந்தனை சொன்னேன். ஏப்ரல் 14 அன்னைக்கு அம்பேத்கர் படத்துக்கு வைக்கிற பூ இந்தத் தோட்டத்துல பூத்ததா இருக்கணும். கடை மாலை வேண்டாம்.

சொல்லிவிட்டேனே தவிர, அது சித்திரைப் பிறப்பு. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காடு அப்போது கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மல்லிகை, ரோஜா என்று ஆசைப்பட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? பொம்பளைகதான். குடிதண்ணிக்கே வரிசையில் நிற்கிறவளைப் பூவுக்கும் சுமக்கச் சொல்லும் தோட்டம் எனக்கு வேண்டாம். எங்க அம்மா சின்ன வயசுல கிணத்தடியில குடத்தோட நின்னு, யாராச்சும் ஊத்துவாகளான்னு காத்துக் கெடந்தவ. 1927 மார்ச் 20-இல் மகத்தில் சவதார் குளத்துத் தண்ணியை அம்பேத்கர் அள்ளிக் குடித்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "கொளத்துல தண்ணி கெடந்துச்சாக்கும்?" என்றுதான் கேட்டாள்.

காகிதப்பூ வைத்தோம். தண்ணி குறையக் குறைய அதிகம் பூக்கும். நாம் பூ என்று நினைப்பது நிறம் மாறிய இலை. நடுவில் வெள்ளையாய் நிற்கிற சின்னதுதான் பூ. அரளியும் காயாது, ஆனால் வேர் முதல் பூ வரை விஷம். பிள்ளைகள் விளையாடும் இடம் என்று விட்டுவிட்டோம். இலையிலேயே தண்ணியைச் சேர்த்துக்கொள்ளும் டேபிள் ரோஸ், காட்டு ஆவாரை. ஆவாரைக்கு ஆணிவேர் ஆழம், பிடுங்கி நட்டால் பிழைப்பது சிரமம். விதையைத் தரையில் உரசித் தோலைக் கீறி, இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றினோம்.

முதல் வருஷம் பாதிச் செடி போச்சு. கோடையில் இல்லை, ஐப்பசி மழையில்! கரிசல் தண்ணியைப் பிடித்தால் விடாது. வேர் மூச்சு முட்டி அழுகிவிட்டது. மறுவருஷம் உடைஞ்ச ஓடு, செங்கல் துண்டு, மணல் எல்லாம் கலந்து ரெண்டு சாண் மேடு போட்டு நட்டோம். தூரில் வேப்பஞ்சருகு மூடாக்கு. கை கழுவுற தண்ணி மட்டும்தான் பாய்ச்சல்.

சண்டை வந்தது நித்தியகல்யாணியால். எங்க பக்கம் அதுக்குச் சுடுகாட்டு மல்லின்னு பேரு. யாரும் ஊத்தாமலே சுடுகாட்டு மேட்டுல வெள்ளையும் ரோஸுமா வருஷம் பூரா பூக்கும். எங்க அய்யா குழி வெட்டின இடத்திலிருந்துதான் விதை எடுத்து வந்தேன்.

அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏலே, காலம் பூரா ஒங்கய்யாவ அங்கன நிக்க வச்சானுக. படிச்ச பிள்ள நீ, அந்தப் பூவ அவருக்கு வைப்பியா?"

அது மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, அதன் இலையிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று புற்றுநோய் மருந்துகள் எடுக்கிறார்கள், ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள், நம்ம தென்மாவட்டங்களிலேயே மானாவாரியில் போட்டு இலையும் வேரும் விற்கிறார்கள் என்று அடுக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"மருந்துன்னா மருந்தா இருக்கட்டும். பேரு போயிருமா?"

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். வாயடைத்து நின்றேன்.

ஏப்ரல் 14 காலையில் காகிதப்பூவும் ஆவாரம்பூவும் அம்மா வைத்தாள். சுடுகாட்டு மல்லியை நான் வைத்தேன். அவள் எடுத்துப் போடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. இந்த வருஷமும் நாற்று விட்டிருக்கிறேன். முந்தாநாள் வந்து எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.