மாட்ரிட் நகரின் பெருஞ்சதுக்கம்

நகரங்களின் வரலாற்றைப் படிக்குங்கால், அரண்மனைகளைவிடப் பொதுச் சதுக்கங்களே என் உள்ளத்தைக் கவர்கின்றன. ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில் உள்ள பிளாசா மயோர் அத்தகையது. மூன்றாம் பிலிப்பு மன்னர் காலத்தே, 1619இல் அது கட்டி முடிக்கப்பெற்றது. 1631, 1672, 1790 ஆகிய ஆண்டுகளில் தீ அதன் மாளிகைகளைத் தின்றது. மும்முறையும் அது மீண்டெழுந்தது. இறுதியில் வில்லனுவேவா என்னும் கட்டடக் கலைஞர், மாளிகைகளை மூன்றடுக்காகத் தாழ்த்தி, மூலைகளை வளைவு வாயில்களால் இணைக்கத் திட்டம் வகுத்தார். அப்பணி 1854இல் நிறைவுற்றது.

ஆயின், 1680இல் அங்கே மூண்டது வேறு தீ. மறைவில் யூத சமயத்தைப் போற்றினர் எனப் பலர்மீது குற்றஞ்சாட்டிய சமய விசாரணை மன்றம், அரசர் முன்னிலையில் தீர்ப்புப் படித்தது. சிலர் நகர்ப்புறத்தே எரிக்கப்பட்டனர். எரிந்த மாடங்களை மனிதன் மீண்டும் எழுப்பினான். எரிந்த உயிர்களை மீட்டானா? இன்று அம்முற்றத்தில் பல சமயத்தாரும் அச்சமின்றி உலவுகின்றனர். கல்லால் ஆன புதுப்பிப்பினும் இதுவே பெரிது.