குளிர்காயும் இடம்

வேதாகமத்தைப் படித்தவர்க்கும் படியாதவர்க்கும் ஒருங்கே விளங்கக்கூடிய காட்சி ஒன்று அதில் உண்டு. இயேசுநாதரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிரதான ஆசாரியனின் மாளிகையில் விசாரணை நடத்துகிறார்கள். குளிர் மிகுந்த இரவு. வேலையாட்கள் முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள். சீடர்களுள் முதன்மையானவராகிய பேதுருவும் அவர்களோடு சேர்ந்து குளிர்காய்கிறார். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைக் கண்ட வேலைக்காரப் பெண் ஒருத்தி, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்கிறாள். பேதுரு இல்லையென்று மறுத்துவிடுகிறார்.

இக்காட்சியைப் பற்றிப் பேசும் போதகர்கள் பேதுருவின் அச்சத்தையே பெரிதாகச் சொல்வார்கள். எனக்கோ அந்த நெருப்பின்மீதே கண் செல்கிறது. மற்றவர்கள் ஓடிவிட்ட பிறகும் அன்பினால் பின்தொடர்ந்து வந்தவர் அவர். இருளிலே குளிரோடு நின்றிருந்தால் அவரை எவரும் கண்டிருக்கமாட்டார்கள். வெதுவெதுப்பான இடத்தில் நிற்பவனுக்கு இழப்பதற்கென்று ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. அவர் மறுத்தது அதன் பிறகே.

பிழைப்பை நாடி வடக்கே வந்த நமக்கு இந்த நெருப்பு புதியதன்று. கால் காசு என்றாலும் கவர்ன்மெண்டுக் காசு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அரசுக் குடியிருப்பில் இரண்டு அறை, மாதம் பிறந்தால் சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளி. என் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனை. டிசம்பரில் வீடுவீடாகக் கீதம் பாடும் பவனி. அயலூரில் இவையெல்லாம் எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் விசுவாசம் என்பது இவ்வளவுதானா என்ற கேள்வி இவ்வாண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

எங்கள் சொந்த ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், ஆந்திர எல்லை முடிவதற்கு முன்னால் வருவது. 1911இல் சித்தூர் மாவட்டம் தோன்றும்வரை அப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. மாவட்டம் மாறியதே ஒழிய மக்கள் மாறவில்லை. எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, நோய் வந்தால் வேலூர். 'வேலூருக்குக் கொண்டுபோ' என்று ஒருவர் சொன்னால் அதற்கு சி.எம்.சி. மருத்துவமனை என்று பொருள். இன்று அதன் சித்தூர் வளாகம் குடிபாலா மண்டலத்து ராமாபுரத்திலேயே நிற்கிறது. கடலைக்காயும் கரும்பும் மாந்தோப்பும் தவிர வேறொன்றும் அறியாத எங்கள் பக்கத்துக்கு இது சிறிய செய்தியன்று.

அம்மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் காலந்தொட்டு மருத்துவ ஊழியம் செய்த அமெரிக்கக் குடும்பம் அவருடையது. தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் ஏழெட்டு வயதுச் சிறுமி. பசியால் வாடிய குழந்தைகளின் கையில் ரொட்டித் துண்டுகளை வைக்கும் வேலை அவருக்கு வாய்த்ததாம். வளர்ந்தபின் இந்நாடே வேண்டாம், அமெரிக்காவில் வசதியாக வாழ்வேன் என்று உறுதி கொண்டிருந்தார். இதனை இளமைக்குரிய சுகவிருப்பம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாகும் பிள்ளைகளை நேருக்கு நேர் கண்ட ஒரு குழந்தையின் அச்சம் அது. நாம் சுகத்தை நாடுவதில் பாதி, கண்ட துன்பத்திலிருந்து தப்பி ஓடுவதுதான்.

பின்னர் தாயாரின் நோய் காரணமாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து தத்தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவுமாறு அவரை வேண்டினர். தந்தையார் மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்கள் இசையவில்லை. மகளுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்ச்சியை நம் சபை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்றிரவே ஐடாவுக்குத் துணிவு பிறந்துவிட்டதென்று முடித்துவிடுவார்கள். அன்று அவருக்குப் பிறந்தது ஒரு முடிவு மாத்திரமே. அதன் பின்னே அமெரிக்கா திரும்பி, பல ஆண்டுகள் பயின்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இல்தான் வேலூருக்கு வந்தார். வந்த ஆண்டிலேயே தந்தையாரும் மறைந்தார். உடன் நின்று வழிகாட்ட மூத்த மருத்துவர் இல்லை. இளம்பெண்ணிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஊராரும் தயங்கினர். 1902இல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்தது. 1922இல் தேர்வெழுதிய முதல் அணியினர் பதினால்வரும் தேறினர்.

அதே வளாகத்தில் மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை பால் பிராண்டு அங்கே வளர்த்துவந்த காலம் அது. ஊரார் தீண்ட அஞ்சிய அந்தக் கைகளுக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார் இவ்வம்மையார். ஓய்வூதியம் பெற்று வீட்டில் இருந்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

பெரியோர் கதை ஒருபுறமிருக்க, எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார். என் பாட்டியின் தங்கை மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்துக் காசநோய் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். 1940களின் இறுதி, காசத்துக்கு மருந்து அரிதாயிருந்த நாள். அவரிடம் சிறுவனாயிருந்தபோது, சின்னப் பாட்டி, உங்களுக்குப் பயமாயிருக்கவில்லையா என்று கேட்டேன். "பயமா? அது தெனமும் என்கூடவே வார்டு வாசல் வரைக்கும் வரும். உள்ளே போனா வேலை இருக்கும். திரும்பி வர்றப்போ வாசல்லயே உக்காந்திருக்கும்" என்றார். வீட்டுக் கோழியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அச்சத்தை வென்றவர்கள் என்று நாம் யாரையெல்லாம் போற்றுகிறோமோ, அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்களோ என்னவோ!

என் மகள் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு படித்தாள். சபையின் பரிந்துரையால் இடம் பெற்றவர்கள், படிப்பு முடிந்தபின் தேவையுள்ள ஓரிடத்தில் இரண்டாண்டுகள் பணியாற்ற வேண்டும். அவளுக்குக் கிடைத்தது ஒடிசா மலைப்பகுதியில் ஒரு சிற்றூர் மருத்துவமனை. செய்தி வந்த அன்றே உறவினர் தொலைபேசியில் கூடிவிட்டனர். வளைகுடா நாட்டில் நல்ல சம்பளத்தில் இடம் காத்திருப்பதாக என் மைத்துனர் கூறினார். மலைக்காய்ச்சல் உள்ள இடம் என்றார் மற்றொருவர். சபையிலேயே மூத்தவர் ஒருவர், தேவன் நமக்குப் புத்தியையும் கொடுத்திருக்கிறாரே என்றார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இரவு உணவு முடிந்தபின், "நீங்க ஒரு மனு எழுதினா என்ன? வேலூருக்குப் பக்கத்திலேயே கேட்டு" என்று மாத்திரம் சொன்னாள்.

மனு எழுதுவது என் தொழில் என்றே சொல்லலாம். மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தராக இருப்பவன். இடமாற்றத்தை நிறுத்தக் கோரி எத்தனையோ நண்பர்களுக்கு எழுதித் தந்திருக்கிறேன். பெற்றோரின் உடல்நிலை, பிள்ளைகளின் கல்வி, பருவநிலை ஒவ்வாமை என்று காரணங்களை எந்த வரிசையில் அடுக்கினால் அதிகாரியின் மனம் இளகும் என்பது எனக்குத் தெரியும். அன்றிரவு தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். முன்னுரைப் பகுதி தானாகவே வந்தது. விண்ணப்பதாரரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. விண்ணப்பிப்பவள் அவளல்லவே, நெருப்பைவிட்டு நகர மனமில்லாதவர்கள் நாங்கள்.

காலையில் மகளைத் தொலைபேசியில் அழைத்து, உனக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்குப்பா. ராத்திரி தூக்கம் வரல."

"மனு எழுதட்டுமா அம்மா?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுதினா கொடுத்துடுவாங்க. அதான் வேண்டாம்னு சொல்றேன்" என்றாள்.

ஜூன் மாதம் காட்பாடியில் அவளை ரயிலேற்றினோம். என் மனைவி கொசுவலை இரண்டும் ஊறுகாய் ஒரு சாடியும் கட்டிக் கொடுத்தாள். ரயில் நகரும்வரை அழவில்லை. எனக்கு இன்றும் ஒடிசா என்று செய்தியில் கேட்டால் நெஞ்சு ஒருகணம் அடைக்கிறது.

மகள் வாரம் ஒருமுறை பேசுகிறாள். மலைமக்களின் மொழி இன்னும் பிடிபடவில்லையாம். நோவு எங்கே என்று கேட்கத் தெரியாமல், அவர்கள் கையைப் பிடித்து வைத்துக் காட்டச் சொல்கிறாளாம். இரவில் மின்சாரம் போய்விடுகிறதென்று நல்ல கைவிளக்கு ஒன்று கேட்டிருந்தாள். சென்ற வாரம் இரண்டாக வாங்கி அனுப்பினோம். ஒன்றைத் தன்னோடு இரவுப் பணி பார்க்கும் அவ்வூர்ப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.