முள் சொல்லும் சேதி

புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடைகளைத் தாண்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, இரண்டு ஜாக்கி, சுவர் நிறைய ஸ்பேனர்கள். காலை எட்டு மணிக்கே கடலை வறுக்கும் வாசமும் பழைய எண்ணெயின் வாசமும் கலந்து வந்தன. ஈப்போவில் மெக்கானிக்கைப் போமன் என்பார்கள். அறுபதைத் தாண்டிய இந்தப் போமனை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன்.

நான் கொண்டுபோனது அப்பா விட்டுச்சென்ற புரோட்டோன் சாகா. 1985-இல் முதன்முதலாக வெளிவந்த வரிசை, மிட்சுபிஷி எஞ்சின். சென்ற ஆண்டு சுங்கை சிப்புட்டிலிருந்து வரும்போது செம்மோர் அருகே எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டுவதற்குள் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம். எண்ணெய்க் கசிவைப் பார்த்தும் பாராமல் விட்டது என் தவறு. பேரிங்குகளை மாற்றி எஞ்சினைத் திரும்பக் கட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். "இனிமே விளக்க நம்பி ஓட்டாத தம்பி, மீட்டர் ஒண்ணு வச்சிருவோம்" என்று அன்றே சொல்லியிருந்தார்.

விளக்கை ஏன் நம்பக்கூடாது? அதை எரியவைக்கும் சுவிட்சு, எண்ணெய் அழுத்தம் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால்தான் வேலை செய்யும். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது போமன்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு அப்படிப் பார்த்தால் 30 வேண்டும். முப்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கும்வரை விளக்கு வாயே திறக்காது. திறக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

அண்ணன் மேசைமேல் இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார். முதலாவது, மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே மீட்டருக்கு வரும் வகை. உள்ளே வளைந்த பித்தளைக் குழல் இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். 1849-இல் பாரிஸில் யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் மாறவில்லை. "கணக்கு சுத்தமா இருக்கும். ஆனா குழாய் விட்டுப்போச்சுன்னா கொதிக்கிற எண்ணெய் உன் கால்ல ஊத்தும்" என்றார். இரண்டாவது மின்சார வகை. எஞ்சினில் மாட்டும் சென்சார் அழுத்தத்துக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றும். காருக்குள் வருவது வெறும் ஒயர். சென்சாரும் மீட்டரும் ஜோடியாக வாங்கியதாக இருக்கவேண்டும். வேறு வேறாக வாங்கிச் சேர்த்தால் முள் பொய் சொல்லும். நான் மின்சார வகையைத் தேர்ந்தேன்.

வேலை தொடங்கியது. எண்ணெய் ஃபில்டரை ஒட்டி இருந்த விளக்குச் சுவிட்சைக் கழற்றினார்கள். அந்தத் துளையின் மரை ஜப்பானிய எஞ்சின்களுக்கு உரியது; அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க மரையில் 27. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அண்ணனின் அக்கா மகன் ஒரு பித்தளை இணைப்பை எடுத்துக் கையால் திருகினான். இரண்டு சுற்றுப் போயிற்று, மூன்றாவதில் இறுகியது. ஸ்பேனரை எடுக்கப்போனவனின் மணிக்கட்டை அண்ணன் பிடித்துக்கொண்டார். "இது அமெரிக்கா மரைடா. இதுல பலத்தைக் காட்டினா பிளாக் போச்சு." அவன் "சரி மாமா" என்று வேறொன்றை எடுத்தான். அது கையாலேயே மென்மையாக உள்ளே போயிற்று.

விளக்கையும் விடவில்லை. 'டி' வடிவ இணைப்பின் ஒரு கிளையில் பழைய சுவிட்சு, மறு கிளையில் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ். சென்சார் கனமானது, எஞ்சினிலேயே மாட்டினால் அதிர்வில் இணைப்பின் கழுத்து விரிசல் விடும். அதனால் ஹோஸின் மறுமுனையில் சென்சாரைப் பொருத்தி, காரின் உடலோடு கவ்வி வைத்தார்கள். எர்த் கிடைக்க அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார் அண்ணன். டெஃப்ளான் டேப்பை முதல் மரையை விட்டுத்தான் சுற்றினார்; துணுக்கு பிய்ந்து எண்ணெய் வழியில் போய்விடக் கூடாது. ஒயரை ரப்பர் வளையம் போட்டு உள்ளே இழுத்து, ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி இணைத்தார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் முள் 60-இல் நின்றது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியபோது, சும்மா ஓடும் எஞ்சினில் முள் 15-இல் கிடந்தது. எனக்குப் பக்கென்றது. அண்ணன் அமைதியாக இருந்தார்.

"எங்கம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. ஏன் விடியறதுக்கு முன்னாடியே வெட்டப் போவாங்க? அப்பத்தான் மரத்துக்குள்ள அழுத்தம் முழுசா இருக்கும், மங்கு நிறையும். வெயில் ஏறினா பால் சுணங்கும். அதுக்காக மரம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா? சூட்டுல எண்ணெயும் இளகும், முள் இறங்கும். இது இறங்கவேண்டிய இறக்கம்."

உண்மைதான். பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. பேரிங்கின் மயிரிழை இடைவெளி அதைத் தடுக்கிறது. அந்தத் தடையில் பிறப்பதே அழுத்தம். எண்ணெய் நீர்த்தாலும் குறையும், இடைவெளி தேய்ந்து அகன்றாலும் குறையும். முதலாவது தினசரி நடப்பது, இரண்டாவது நோய். பிரித்தறிய ஒரே வழி, அந்த எஞ்சினின் வழக்கமான எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது.

அண்ணன் அதைக் கற்றது தோட்டத்து எஞ்சின் கொட்டகையில். லயத்து வீடுகளுக்கு விளக்கு கொடுத்த டீசல் எஞ்சின். மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு பெரியவர் அந்த நோட்டை ஒருநாளும் வெற்றாக விட்டதில்லையாம். அப்படிப்பட்ட தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் பணத்தைக் கொண்டே அவற்றை மீட்க, 1960-இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சில தோட்டங்கள் பிழைத்தன. அண்ணனின் தோட்டம் கைமாறியது. பால்மரம் இருந்த இடத்தில் இன்று செம்பனை. எஞ்சினும் போயிற்று, நோட்டும் போயிற்று. பழக்கம் மட்டும் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தது.

கூலியை வாங்கிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் வரியை அவரே எழுதியிருந்தார்: தேதி, எண்ணெய் 20டபிள்யூ-50, குளிரில் 60, சூட்டில் 15, மூவாயிரத்தில் 45.

மறுநாள் விடியுமுன் எஞ்சினை எழுப்பினேன். முள் 60-க்கு ஏறி நின்றது. அவர் கையெழுத்துக்குக் கீழே என் முதல் வரியை எழுதினேன்.