கடல் கடந்த உயிர்கள்

உயிர்களை வகைப்படுத்திக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக, அறிவின் அளவால் உயிர்களைப் பகுத்தார். இன்றைய அறிவியலோ முதுகெலும்பை நோக்குகிறது. அஃதுடைய விலங்குகளை மீன்கள், நீர்நிலவாழ்வன, ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என ஐந்தாக்குகிறது. நம் பிள்ளைகள் மனனம் செய்யும் இப்பட்டியல், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நமக்கு வேறொரு பொருளும் தருகிறது. இங்கே அது கடல் கடந்து வந்தோர் வரலாறு.

மீனுக்குக் கடலே வழி. பறவைக்கு வானம் வழி. தவளையின் மெல்லிய ஈரத்தோல் உப்புநீரைத் தாங்காது. ஆதலின் பெருநிலத்தை நோக்க இங்குத் தவளையினங்கள் குறைவு. ஊர்வனவற்றுள் செம்மூக்கு முதலை கடலையும் நீந்திக் கடக்கும். பாலூட்டிகளுள் சிறகடிக்கும் வௌவால்கள் பலவகை உண்டு; புலியோ நரியோ இயல்பாக இங்கு வந்ததில்லை.

வந்த உயிர்களுட் சில, தனித்து வாழ்ந்து வேறெங்கும் காணாத இனங்களாயின. நார்கண்டம் இருவாச்சி அச்சிறு எரிமலைத் தீவு ஒன்றிலேயே உண்டு. நிக்கோபாரின் மெகபோடு பறவை முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மணலும் சருகும் குவித்த மேட்டின் வெப்பமே குஞ்சு பொரிக்கச் செய்கிறது. இத்தீவுகளின் மாநில விலங்கு ஆவுளியா. அதனை நம் இல்லத்துப் பிள்ளையொன்று மீன் வரிசையில் எழுதக் கண்டோம். கடற்புல் மேய்ந்து, நுரையீரலால் மூச்செறிந்து, குட்டிக்குப் பாலூட்டும் அது நம் வகுப்பைச் சேர்ந்ததே. பாக் விரிகுடாவில் அதற்கென 2022இல் தமிழக அரசு காப்பகம் அமைத்தது. தாயகக் கடலிலும் இக்கடலிலும் வாழ்வது ஓரினமே.

மனிதர் கொணர்ந்த விலங்குகளும் உள. வெள்ளையர் ஆட்சியில் விடப்பட்ட புள்ளிமான், வேட்டையாடும் விலங்கின்மையால் பெருகி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. தாயகத்தில் அழகாயிருந்தது இங்கே சுமையாயிற்று. குற்றம் மானுடையதன்று, விளைவு எண்ணாமல் கொணர்ந்தவருடையது.

நாமும் கப்பலேறி வந்தவர்களே. அரசுப்பணிக்கு வந்தோர் உளர்; இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தோர் உளர்; 1969 முதல் காம்பெல் விரிகுடாவில் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் உளர். அவ்விரிகுடா அமைந்த கிரேட் நிக்கோபாரிலேதான், கடலாமைகளுள் பெரிதான தோல்முதுகு ஆமை முட்டையிடும் கலாத்தியா கரையும் உள்ளது. 26.12.2004 ஆழிப்பேரலையில் அக்கரை அழிந்தது. மணல் மீண்டும் சேர்ந்தபோது ஆமைகளும் மீண்டன. ஆயின் துறைமுகத் திட்டத்திற்காக 2021இல் அவ்விடத்தின் சரணாலயத் தகுதி நீக்கப்பட்டது. 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது. துறைமுகத்தால் வேலையும் வாணிகமும் வரலாம். நம் பிள்ளைகளும் பயன்பெறலாம். எனினும் பேரலைக்குப் பின் ஆமைக்கு மணல் திரும்பிற்று. கற்காரை எழுந்தபின் திரும்புமோ? வந்து குடியேறிய நாம், முன்பே குடியிருந்தவற்றுக்காக இவ்வினாவை எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேரில், சமுத்ரிகா அருங்காட்சியகத்தில் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வைக்கப்பெற்றுள்ளது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோம். அம்முதுகெலும்பைக் காட்டி, தம் முதுகையும் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். உறவு இன்னதென்று அவர்கள் தாமே உணர்வர்.